வாசல் பூட்டைக் கழற்றியாகிவிட்டது

சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம், நீ நலமா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை கேட்க மனசு வரவில்லை. வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருப்பாய். அப்பாவுக்குக் காலில் போட்ட மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை, படுத்த இடத்திலிருந்தே எல்லோரையும் அதிகாரம் செய்கிறார். தையல் கடையில் பள்ளிச் சீருடை குவிந்து கிடக்கிறது. போனில் பேசினால் குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை கடையை அடைத்துவிட்டு மாடிப்படி ஏறினால் நம் வாசலில் உன் அக்கா பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் குழந்தை, புருஷன் அடித்த அடியில் கன்னம் வீங்கியிருக்கிறது. போன லீவில் நீ மாட்டிவிட்டுப் போன ஸ்மார்ட் பூட்டில் விரலை வைத்து வைத்துப் பார்த்தாளாம், சிவப்பு விளக்குதான் எரிந்ததாம். உள்ளே அப்பா எழுந்து வர முடியாமல் கத்திக்கொண்டிருந்திருக்கிறார். எதிர்வீட்டு நர்ஸம்மா நாற்காலி போட்டதற்கும் வேண்டாம் என்றிருக்கிறாள். "இது பாட்டி வீடு இல்லையாம்மா" என்று குழந்தை கேட்டதாம். நான் விரல் வைத்ததும் திறந்துகொண்டது. பூட்டு கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன், உன்மேல் சந்தேகமே வரவில்லை.

உனக்குப் போன் போட்டால், பூட்டோடு மாட்டிய வாசல் கேமராவில் அவள் பெட்டியோடு வருவதை உன் போனில் பார்த்து, அங்கிருந்தே நீயே அவள் கைரேகையை அழித்துவிட்டதாகக் கூசாமல் சொன்னாய். "உள்ள விட்டா அப்புறம் போகவே மாட்டாம்மா, உங்களால மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாது, அதான் ஸ்மார்ட்டா முடிச்சேன், பூட்டு ரிப்பேர்னு சொல்லிடுங்க" என்றாய். உன்னை டீச்சர் ஸ்மார்ட் என்றபோது படிக்கிற பிள்ளை என்று பூரித்துப் போனேன். என் கடைக்கு வருகிறவர்களுக்கு ஸ்மார்ட் என்றால் தோள்பட்டை சுருக்கமில்லாமல் உட்கார வேண்டும், பூட்டு விற்றவனுக்குச் சாவியில்லாமல் திறக்க வேண்டும். அப்பா வேறு ஆங்கில அகராதியைப் புரட்டி, சுரீரென்று எரிவதற்கும் அதே சொல்தான் என்கிறார், எந்த நேரத்தில் எதைப் படிப்பது என்று அவருக்கில்லை. உனக்கு என்னடா அர்த்தம்? அடிபட்டு வந்தவளைப் படியில் உட்காரவைத்துவிட்டுப் பழியை ஒரு டப்பாமேல் போடுவதா? இதற்கு நம் வீட்டில் பேர் கயவாளித்தனம். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, "தம்பிக்கு அங்க என்ன கஷ்டமோம்மா" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளே தச்சரைக் கூப்பிட்டுப் பூட்டையும் கேமராவையும் கழற்றியாகிவிட்டது. கதவில் பெரிய ஓட்டை, பலகை வைத்து அடைத்துச் சாதாரணத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். அக்காவும் குழந்தையும் உன் அறையில் இருக்கிறார்கள், உன் துணிமணியை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாக இரு, பெற்ற வாயில் வேறு என்ன வரும். ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த லீவில் வந்தால் கதவைத் தட்ட வேண்டும். நான் எழுந்து வரமாட்டேன். திறப்பதா வேண்டாமா என்பதை உன் அக்காவிடம் விட்டுவிட்டேன்.

உன்னையும் அவளையும் பெற்ற
அம்மா