தட்டு மாற்றக் கால் எதற்கு?

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்பு மகன் சேரனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தமிழ்ச்செல்வியும் இங்கே நலம், சர்க்கரைக்குப் பலி கொடுத்த என் வலது கால் மட்டும் எப்படி இருக்கிறதென்று ஆஸ்பத்திரிக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். தோகாவில் நீயும் நலமாக இருந்து வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். கடைசி வரை படி.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் உன் தங்கையின் நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது, போட்டோ பார்த்திருப்பாய். எல்லாரும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்களே, மேடைக்கு என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். காலையில் டிபன் சாப்பிட ஓர் ஓட்டலில் நுழைந்தோம். சர்வர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவரு என்னா சாப்புடுவாரு என்று அம்மாவிடம் கேட்டார். எனக்கு எடுத்தது காலத்தான் தம்பி, நாக்கு அப்புடியேதான் இருக்கு, ரெண்டு பூரி கொண்டா என்றேன். கிழங்கு ஜாஸ்தியா வைக்கட்டுமா என்று அதையும் அம்மாவிடமே கேட்டார். பூரிக்காக அம்மா என்னை முறைத்தது தனிக்கதை.

மண்டபத்தில் உன் பெரியப்பா ராஜாமணி குறிஞ்சிப்பாடியிலிருந்து எனக்கு முன்னாலேயே வந்து, சாப்பாட்டு ஹாலை ஒட்டிய ரூமில் எனக்கென்று நாற்காலியும் ஃபேனும் போட்டு வைத்திருந்தார். நீ இங்கியே இருடா, மேடை ஏறுனா ஒனக்குச் செரமம், தட்ட நானும் ஒன் அண்ணி கொளஞ்சியும் மாத்திடறோம் என்றார். பெரியம்மா அவருக்கும் மேலே போய், மொத மொத நல்ல காரியம், சபையில கொறையோட நிக்க வாணாமே தம்பி என்றார். கோர்ட்டில் டவாலியாக இருந்து வாதி பிரதிவாதி பெயரையெல்லாம் கூவிய குரல் என்று, சொந்தத்தில் யார் வீட்டு நிச்சயமானாலும் லக்கினப் பத்திரிகை படிக்க என்னைத்தான் வீடு தேடி வந்து அழைத்துப் போவார்கள். கால் போனதிலிருந்து ஒருவரும் அழைப்பதில்லை, இத்தனை வருஷமும் அதைக் காலால் படித்தேன் போலிருக்கிறது. நான் பெத்த பொண்ணுக்கு நான் தட்டு மாத்தக் கூடாதா என்று கேட்டேன். பெரியப்பா போனை எடுத்து நீ அவருக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டார். அப்பா மேடையில தடுமாறுனா பாக்க நல்லா இருக்காது பெரியப்பா, வீடியோல்லாம் எடுப்பாங்க, நீங்களே மாத்திடுங்க. உன் குரல்தான், தெளிவாகக் கேட்டது. அம்மா, அவரு வராத மேடைக்கு நானும் வரல என்று என் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள், எனக்கு இல்லாத வசதி அது.

பிறகு எழுந்தேன். மேடைக்குப் படிகள்தான், சாய்தளம் கிடையாது, மண்டபம் கட்டுகிறவர்களுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆடு மாதிரி தாவி ஏறுவார்கள் என்று நினைப்பு. முன்பெல்லாம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்துதானே தட்டு மாற்றினார்கள் என்று ஹால் நடுவில் ஜமுக்காளம் விரிக்கச் சொல்லி உட்கார்ந்தேன். மாட்டியிருந்த செயற்கைக் காலைக் கழற்றிப் பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கோர்ட்டில் கூப்பிடுவது போலவே மாப்பிள்ளையின் அப்பாவை வைத்திலிங்கம், வைத்திலிங்கம், வைத்திலிங்கம் என்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, மரியாதைக்குக் கடைசியில் அவர்களே என்று சேர்த்துக்கொண்டேன். அண்ணாமலை நகரில் பெரிய ஆபீசராக இருந்த மனிதர், சம்மன் வந்தவர் மாதிரி மேடையை விட்டு இறங்கி வந்தார். வந்தவருக்கு முட்டி மடங்கவில்லை. இரண்டு பேர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள், ஐயோ அம்மா என்று சத்தம் வேறு. நான் சபையைப் பார்த்து, இவருக்கும் கொறதான் இருக்கு, எங்க அண்ணன் ரெண்டு பக்கமும் ஒக்காந்து அவரே குடுத்து அவரே வாங்கிக்கட்டுமா என்றேன். முதலில் சிரித்தவர் சம்பந்திதான். அப்புறம் பெரியப்பாவைத் தவிர மண்டபமே சிரித்தது. நானும் அம்மாவும் தட்டு மாற்றினோம், பத்திரிகையையும் நானே மைக் இல்லாமல் படித்தேன். தமிழ்ச்செல்வி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன்.

பெரியப்பா மேல் வந்த கோபம் சாப்பாட்டோடு போய்விட்டது, அவர் விவரம் அவ்வளவுதான். உன் மேல் கோபமில்லை, வருத்தம். நான் விழுந்துவிடுவேன் என்று பயந்திருந்தால் எனக்குப் போன் பண்ணியிருப்பாய். பார்க்கிறவர்களுக்குப் பயந்துதான் அவருக்குப் பேசி அனுப்பியிருக்கிறாய். கால் எடுத்த அன்று வராத அழுகை எனக்கு அந்த ரூமில் வந்தது, அம்மாவுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டேன்.

தையில் கல்யாணம். டிக்கெட் விலை ஏறுவதற்குள் லீவு சொல்லி வை. வெயிலில் நிற்கும்போது தலையில் துணி கட்டு, வெறும் ரொட்டியைத் தின்று நாளை ஓட்டாதே. கொளஞ்சியப்பர் உன்னைக் காப்பாற்றட்டும், நீ சகல சௌபாக்கியத்தோடும் இருக்க வேண்டும். தாரை வார்க்கப் போகிறவன் நான்தான், பெரியப்பாவைப் பந்தி விசாரிக்கச் சொல்லிவிட்டேன். மேடையில் நான் தடுமாறினாலும் தடுமாறுவேன், வீடியோவில் விழுந்தால் விழட்டும். அதே வீடியோவில் நீ என் பக்கத்தில் நிற்பது தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ப. கண்ணாயிரம்