தெரியுதே, தெரியுமோ

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் உங்கள் குரல் உடைவதைக் கேட்டுவிட்டு என்னால் பேச்சைத் தொடர முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன். மூளையில் ரத்தக்கசிவு என்று மருத்துவமனையில் சேர்த்தபோது அண்ணன் மறுநாளே விழித்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இப்போது தொலைபேசி மணி அடித்தால் ஜெபம் செய்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

வருகிற ஞாயிறு எங்கள் சபையின் ஆண்டு விழா. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது பிறந்த கதையை நாலு வரி சொல்லும் வேலையை ஆயர் அம்மா என் தலையில் கட்டிவிட்டார். முதல் பாட்டு ‘கரை தெரியுதே கர்த்தரே’. கதை உங்களுக்கும் தெரிந்ததுதான். காய்ச்சலில் நினைவிழந்த மனைவியைப் படகில் கிடத்திக்கொண்டு ஓர் உபதேசியார் ஆற்றில் போகிறார். அக்கரை தெரிகிறது, அவள் கண் திறக்கிறாள், அவர் வாயில் பாட்டு வருகிறது. எழுதி முடித்ததும், இதை உங்களுக்காகவே பாடி வைத்திருக்கிறார் என்று தோன்றியது.

ஆராதனை நேரத்தில் நான் போன் போடுகிறேன். அண்ணன் காதருகே பிடித்துக்கொண்டு நீங்களும் எங்களோடு பாடுங்கள்.

மூச்சுக் குழாய் வைக்கக் கழுத்தில் துளை போட டாக்டர் கையெழுத்துக் கேட்டாராமே. அவசரப்பட வேண்டாம், அண்ணி. போட்டால் நாம் நம்பிக்கையை விட்டுவிட்டதாக ஆகிவிடாதா?

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


மார்ச் 7

பாட்டுக்காரிக்கு,

உன் கடிதத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்து படித்தேன். இங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும், அழுகை வந்தால் வராண்டாவின் அந்தக் கோடிக்குப் போக வேண்டும்.

உன் அண்ணனுக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு உனக்குத் தெரியாததா? கல்யாணத்தன்று ஆயர் முன்னால் நின்றுகொண்டு, “இன்னும் எத்தனை சரணம் பாக்கி?” என்று என் காதில் கேட்ட ஆள். நான் சிரித்துவிட்டேன். பெண்ணுக்கு அடக்கமே போதாது என்று உங்கள் சித்தி அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்.

ஆனால் நான் பாடமாட்டேன் என்பதற்குக் காரணம் அதுவல்ல. ‘தெரியுதே’ என்று வாயால் சொல்ல வேண்டுமே. எனக்குத் தெரிவதெல்லாம் திரையில் ஓடும் ஒரு பச்சைக் கோடு. அது ஏறினாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இறங்கினாலும் அடித்துக்கொள்கிறது. அந்த அம்மாள் கண் திறந்தாள், அவர் பாடினார். திறந்த பிறகு யார்தான் பாடமாட்டார்கள்?

வாய்வழியே போட்ட குழாய் அவர் உதட்டைப் புண்ணாக்கிவிட்டது. கழுத்தில் துளை போட்டால் அந்த வேதனையாவது குறையும் என்கிறார் டாக்டர். நீ நம்பிக்கையை விடாதே என்கிறாய். பேனா மட்டும் என் கையில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போன் போடாதே.

அண்ணி


மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

போடாதே என்றீர்கள், போட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. சபை முழுக்க எழுந்து நின்று பாடியது. பாடகர் குழுவை நடத்த வேண்டிய நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்க அண்ணி ஏம்மா பாடல? விசுவாசம் தளரக்கூடாது, சொல்லி வை” என்றார் ஆயர் அம்மா. எனக்கும் உங்கள்மேல் கோபம் இருந்தது. உங்களுக்கு அவர் கணவர் என்றால் எனக்கு இருக்கிற ஒரே அண்ணன்.

அன்று பாட்டில் மனம் செல்லாததாலோ என்னவோ, மெட்டு தனியாகக் காதில் விழுந்தது. அது முடிவதே இல்லை, அண்ணி. கடைசிச் சுரம் மேலேயே தொங்கி நிற்கிறது. நம் கீபோர்டுக்காரர்தான் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக் கீழே இறக்குகிறார். கேட்டதற்கு, “வீடு போய்ச் சேராத மெட்டும்மா இது. நான்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்” என்று சிரித்தார்.

கரையைக் கண்டவர் பாட்டை ஏன் அப்படி நடுவழியில் நிறுத்தினார்? இறையியல் கல்லூரி நூலகருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு ஒரு வரியாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

நாத்தனார்


மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. அண்ணன் எப்படி இருக்கிறார் என்று மருத்துவமனைக்குப் போன் செய்து, “அப்படியேதான் இருக்காரு” என்ற ஒரு வரியை வாங்கிக்கொண்டு நாளை ஓட்டுகிறேன்.

நூலகர் பாட்டுப் புத்தகத்தின் முதல் பதிப்பிலிருந்து அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். அதில் இருப்பது ‘கரை தெரியுமோ கர்த்தரே’. ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. தொங்கி நிற்கும் அந்தச் சுரத்தில் பாடிப் பார்த்தேன். சட்டையை அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. அது கேள்வி, அண்ணி.

பாட்டுக்கு மேலே சின்ன எழுத்தில், ‘வைத்தியசாலைக்குப் போகும் வழியில் பாடியது’ என்று இருக்கிறது. போகும் வழியில். பிழைத்த பிறகு அல்ல. அடுத்த பதிப்பைத் தொகுத்தவர்கள், சபையார் ஆண்டவரிடம் சந்தேகக் குரலில் கேட்பது முறையல்ல என்று முன்னுரையில் எழுதிவிட்டு, ‘மோ’வைத் ‘தே’ ஆக்கியிருக்கிறார்கள். கண் திறந்த கதை அதற்கப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாள் பிழைத்தாளா என்று கேட்டேன். எங்கேயும் எழுதி வைக்கவில்லையாம்.

ஜெபம் செய்துகொண்டு வீட்டிலேயே இருந்துவிடாமல் டாக்டரைத் தேடிப் படகேறிய மனிதர் அவர். அவரை நம்பிக்கை விட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. உங்களைத்தான் நான் சொன்னேன்.

ஆயர் அம்மாவிடம் பக்கத்தைக் காட்டினேன். “இதெல்லாம் சொல்லி ஜனங்களக் குழப்பாதே” என்றார். “கொழம்பிப்போய் உக்காந்திருக்கிறவங்களுக்கும் ஒரு பாட்டு வேணும்லம்மா” என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். போகட்டும்.

கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் நான் உங்கள் பக்கம்.

நாத்தனார்


மார்ச் 24

பாட்டுக்காரிக்கு,

கோபத்தில் எழுதாமல் இருந்தேன் என்று நினைக்காதே. சரி, கொஞ்சம் கோபம்தான்.

உன் கடிதம் வந்த அன்று, பார்க்க விடும் நேரத்தில், அவர் காதருகே குனிந்து பாடினேன். ‘மோ’ என்றுதான். என் குரல் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் மகனை வைத்துக்கொண்டிருக்கும் அம்மாள் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். வெட்கமாகி நிறுத்திவிட்டேன். “நிறுத்தாதீங்கம்மா. எனக்கும் சேத்துக் கேளுங்க” என்றார். அவருக்குச் சபையும் தெரியாது, கர்த்தரும் தெரியாது. அந்த ஓர் எழுத்து அவருக்குப் புரிந்துவிட்டது. ரொம்ப நாளுக்குப் பிறகு, அவசரமில்லாமல், நானும் அந்தத் தாயும் அழுதோம்.

உன் அண்ணன் கண் திறக்கவில்லை. விரல்கூட அசைக்கவில்லை.

வெளியே வந்து கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் துளை போடுகிறார்கள். ஆபத்து குறைவுதான் என்கிறார் டாக்டர். ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு அவர் வந்து சொல்லப்போவதை, நல்லதோ கெட்டதோ, தனியாக நின்று கேட்கத் தைரியம் இல்லை.

நீ வா. இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்குக் கிடைத்துவிடும். அன்றைக்கே கிளம்பு.

வாசலில் ஒரு காவலாளி இருக்கிறார், லேசில் யாரையும் விடமாட்டார். “பேஷன்ட்டுக்கு நீங்க என்ன உறவு?” என்பார். தங்கை என்று சொல். என்னைக் காட்டி, “இந்தம்மாவுக்கு?” என்பார்.

அதற்கும் தங்கை என்றே சொல்.

அண்ணி