நின்று பார்க்கவும்

குடையை அலுவலக மூலையில் விரித்துக் காயப் போட்டிருக்கிறேன். காலையிலிருந்து விடாத சாரல். நனைந்த கறுப்புத் துணியின் வாடை அறை முழுக்க நிற்கிறது. உன் கேமராவுக்குப் பின்னால் தொங்குமே, அந்தத் துணியின் வாடை இதுதான். நீ அதற்குள் தலையை விட்டுக்கொண்டு உள்ளேயிருந்தபடியே பேசுவாய். யாரிடம் பேசுகிறாய் என்று எதிரே நிற்கிறவர்கள் விழிப்பார்கள்.

பயணிகள் பங்களா வாசலில் நிற்கும் பலகையில் எழுத்தெல்லாம் உதிர்ந்துவிட்டது. சீசன் கூட்டம் சேருமுன் புதிதாக எழுதியாக வேண்டும். "வாசகம் குடுங்க சார், மழ விட்டதும் ஆரம்பிச்சிருதேன்" என்று பெயின்டர் வந்து நின்றார். பழைய வாசகத்தையே கொடுத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. எனக்கு ஐந்து நிமிட வேலைகள்தான் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் அவரை டீ குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை எங்கே போடுவது என்று கேட்காதே. எனக்கும் தெரியாது.

தென்காசிப் பள்ளியில் நாம் ஒரே பெஞ்சு. நான் டிப்ளமா முடித்து ஓவர்சியர் ஆனேன். நீ கணக்கில் தோற்று உன் மாமாவின் ஸ்டூடியோவில் சேர்ந்தாய். சீசன் மூன்று மாதமும் குற்றாலத்தில், பேரருவிக்குப் போகும் வழியில், மூங்கில் தட்டி மறைத்த கடை உனக்கு. "கணக்குல ஒழுங்காப் பாஸாகியிருந்தா இப்படி மழையில நிக்க வேண்டாம்லா" என்று நானே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். "நீயும் மழையிலதானல நிக்க" என்றாய். உண்மைதான். நான் அப்போது தூரம் அளக்கிற செயினும் மட்டம் பார்க்கிற லெவலுமாக மலைப்பாதையில் நனைந்துகொண்டிருந்தேன்.

அந்த வேலை எனக்கு மேலதிகாரி கொடுத்தது. சீசனுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பிறந்ததிலிருந்து ஒரு மேடு ஏறாதவர்கள். அருவியில் குளித்த தைரியத்தில் மலைக்குள் கிளம்பிப் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு எளிதான, பார்க்க அழகான மூன்று நடைகளைத் தேர்ந்தெடுத்துப் பலகை வைக்கச் சொன்னார். நான்கு நாளில் முடித்தேன். ஐந்தருவிப் பக்கம் தோப்புகளின் நடுவே ஓடும் வாய்க்கால் கரை ஒன்று. சிற்றருவி இரண்டாவது. மூன்றாவது, செண்பகாதேவி அருவிக்கு ஏறும் பாதை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை பர்லாங்கு, எத்தனை அடி ஏற்றம், எத்தனை நிமிடம் என்று எழுதினேன். செண்பகாதேவிப் பாதைக்கு ஏற்றம் சராசரியாகப் பத்தடிக்கு ஓரடி கூட வரவில்லை. ஆகவே அதையும் 'எளிது' என்று போட்டேன்.

தாளை உன்னிடம் காட்டினேன். கருத்துக் கேட்பதற்காக அல்ல, மெச்சுவாய் என்று. நீ படித்துவிட்டுக் கேட்டாய்:

"உன் செயினுக்கு மூச்சு வாங்குமாலே?"

"கிண்டல் பண்ணாத. அளந்து போட்டிருக்கேன்."

"அளந்தது சரி. எண்ணெ தேச்ச காலுக்கு எங்க அளந்த?"

அதை நான் யோசிக்கவே இல்லை. இங்கே வருகிறவன் முதலில் எண்ணெய் தேய்ப்பவரிடம் போய் உட்காருகிறான். பிறகு அருவி. பிறகு அதே வழுக்கும் பாதத்தோடு பாசி படிந்த பாறைமேல் ஏறுகிறான். ஊரில் எங்கும் வழுக்காதவன் இங்கே வழுக்குவதற்கு இதுதான் காரணம். எண்ணெய்க்காரர்களுக்குத் தெரியும், பழக்கடைக்காரர்களுக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அளந்தவனுக்குத் தெரியவில்லை. இந்த ஒரு வரியைப் பலகையில் சேர்க்க நான் ஒப்புக்கொண்டேன். அதற்கு மேல் உன் பேச்சைக் கேட்பதாக இல்லை.

"ஒரு வழி லேசா கஷ்டமான்னு தெரியணும்னா போய்ட்டு வந்தவன் மூஞ்சியப் பாரு. நான் தெனம் பாக்கேன்" என்றாய்.

"மூஞ்சியப் பாத்து எஸ்டிமேட் போட முடியாது."

"போட்டோ போடலாம்லா!"

இரண்டு நாள் கழித்து அப்பா வந்தார். வாசுதேவநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில், அம்மாவோடு. ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டு. மீசையை மட்டும் ஓய்வு பெற விடாதவர். என் பாதையில் அவரை ஏற்றி, அவர் வாயாலேயே 'எளிது' என்று சொல்ல வைத்துப் பலகையை நட்டுவிடலாம் என்பது என் திட்டம். அந்த மாசியில் அவருக்கு நெஞ்சில் வலி வந்து ஒரு ராத்திரி முழுக்க வியர்த்துக் கிடந்தார் என்பது எனக்குத் தெரியாது. யாருக்கும் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அம்மா சத்தியத்தை மீறினாள். ஆனால் என்னிடம் சொல்லவில்லை. நான் லாட்ஜில் அறை பார்க்கப் போன நேரம், உன் தட்டிக் கடைக்கு வந்து உன்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு உன்னிடம். அது இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

மறுநாள் காலை கூப்பிடாமலே வந்து நின்றாய். தோளில் முக்காலி, கையில் கேமராப் பெட்டி.

"மாமா, மலையில ஒரு படம் எடுத்திருவோம். ஏட்டையா படம் கடையில மாட்டுனா நம்மகிட்ட ஒரு பய வம்புக்கு வரமாட்டான்."

அப்பாவுக்கு அது போதும். எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போனவரை, "எண்ணெ வேண்டாம் மாமா, மூஞ்சி படத்துல பளபளன்னு அடிச்சிரும்" என்று நிறுத்தினாய். அம்மாவை லாட்ஜில் விட்டுவிட்டு நேராக மலைக்குக் கிளம்பினோம்.

முதல் பர்லாங்கு முடிவதற்குள், "மாமா, இங்கன நில்லுங்க. லைட்டு அருமையா இருக்கு" என்று முக்காலியை விரித்தாய். எனக்கு அங்கே ஒரு அருமையும் தெரியவில்லை. ஒரு பாறை, ஒரு மரம். அப்பாவைப் பாறைமேல் உட்கார வைத்தாய். துணிக்குள் தலையை விட்டாய். அங்கிருந்து குரல் வந்தது.

"மாமா, தோள் ஆடுது. மூச்சு அடங்கட்டும். ஆடினா படம் கலங்கிரும்."

"எனக்கு எங்கலே ஆடுது? பரேடுல மணிக்கணக்கா நின்ன ஆளு நான்."

"உங்களுக்கு ஆடல. மரம் ஆடுது. அது நிக்கட்டும்."

மரம் நிற்கும்வரை அப்பா உட்கார்ந்திருந்தார். நீ லென்ஸ் மூடியைக் கழற்றி, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, மூடினாய். அடுத்த வளைவில் மறுபடி. அதற்கடுத்து மறுபடி. மேல்நிலை இடிந்து மொட்டையாக நிற்கும் தென்காசிக் கோபுரம் படத்தில் பின்னால் விழும் என்றாய். சாரலில் கோபுரமும் இல்லை, தென்காசியும் இல்லை. "மேகம் வெலகும் மாமா, செத்த இருங்க" என்றாய். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் முடியவேண்டிய தூரம், ஒரு மணி நேரமாகியும் பாதிகூட வரவில்லை. என் பலகையைக் கெடுக்கவே வந்திருக்கிறாய் என்று நினைத்தேன்.

பாதை காட்டுக்குள் நுழைந்து செங்குத்தாக ஏறும் இடம் வந்தது. சராசரி என்பது அங்கேதான் பொய் சொல்கிறது. அதுவரை படுத்துக் கிடந்த பாதை, அங்கே எழுந்து நிற்கும். அப்பா மேலே பார்த்தார். உதடு கறுத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. இன்னொரு அடி எடுத்துவைத்தார். அவர் திரும்பமாட்டார். பிள்ளை முன்னால் 'முடியல' என்ற சொல்லை வாயிலிருந்து எடுக்கமாட்டார். நீ பெட்டியைக் கீழே வைத்தாய்.

"மாமா, இதுக்கு மேல மரம் மூடிரும். லைட்டு கெடையாது. கேமராவுக்கு இனி அங்கன வேலையில்ல."

அப்பா யோசிக்கவே இல்லை. "படம் விழாத எடத்துக்கு எதுக்குலே போகணும்? எறங்கு" என்று எனக்கு உத்தரவு போட்டார். முன்னால் நடந்தவர் அவர்தான்.

மாலையில் நான் உன் கடைக்கு வந்து சண்டை பிடித்தேன். நினைவிருக்கும். ஏழு தடவை மூடியைக் கழற்றி மாட்டினாய், நான் எண்ணினேன். காய்ந்துகொண்டிருந்தது படம் பதிந்த ஒரே ஒரு கண்ணாடித் தகடு. மற்ற ஆறும் எங்கே என்றேன்.

"போடவே இல்ல."

"என்னத்த?"

"பிளேட்ட. ஆறு தடவையும் கேமரா வெறுங்கேமரா. கடைசியா எறங்கையில, மூச்சு அடங்கின பொறவு, ஒண்ணு போட்டேன்."

"ஊர ஏமாத்துதியால?"

"ஏமாத்து இல்லலே. மேட்டுல ஏறுறவன் ஒக்காரணும்னா அவனுக்கு ஒரு சாக்கு வேணும். நான் சாக்குக் குடுக்கேன். வயசான ஆளு, புள்ளத்தாச்சிப் பொண்ணு, பெருத்த செட்டியாரு, எல்லாருக்கும் இதான். அவுகளும் கேக்கது இல்ல, நானும் சொல்லுதது இல்ல."

அதன் பிறகுதான் அம்மா வந்து போனதைச் சொன்னாய். நெஞ்சு வலியைச் சொன்னாய். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்லே என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ நடுப்பாதையில, 'நெஞ்சு வலியாமே, உக்காருங்க'ன்னு சொல்லியிருப்ப. உங்க அப்பா அந்த வீம்புக்கே ஓட்டமா ஓடி செண்பகாதேவியில போய் நின்னிருப்பாரு."

அப்படித்தான் சொல்லியிருப்பேன். அப்படித்தான் ஓடியிருப்பார். அப்பா அதன் பிறகு நான்கு வருடம் இருந்தார். அந்தப் படம் வாசுதேவநல்லூர் வீட்டில் இருக்கிறது. மலையை வென்றவர் போல உட்கார்ந்திருக்கிறார்.

பலகையில் செண்பகாதேவியை எடுத்துவிட்டேன். 'காடு தொடங்கும் இடம் வரை' என்று மாற்றினேன். வளைவுகளில் ஆள் நிற்க ஏதாவது எழுதச் சொன்னாய், 'இளைப்பாறும் இடம்' என்று போட்டேன். ஒருவரும் அங்கே நிற்கவில்லை. எழுதி வைத்தால் எவன் நிற்பான், 'நான் இளைத்துப்போனேன்' என்று சொல்வதற்கா? நீ வந்து பலகையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாய். எனக்கு வேறு வேலை இருந்தது.

போன வருடம் உனக்கு நெஞ்சு கெட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பாக வந்தாய். கடையை உன் தம்பி பார்த்துக்கொண்டான். ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து, "ஒரு தடவ மேல போய்ட்டு வருவோம்லே. கேமரா வேண்டாம், தூக்க முடியல" என்றாய். கூடாது என்று சொல்ல வாய் வரை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, வாய் வரை வந்ததை விழுங்கினேன். "எனக்கும் அங்க லெவல் பாக்க வேண்டியிருக்கு. பலகையில ஏத்தம் சரியான்னு சோதிக்கணும்" என்றேன். லெவல் பெட்டியையும் அதன் முக்காலியையும் நானே தூக்கிக்கொண்டேன்.

முதல் வளைவில் நீ சுவரைப் பிடிப்பதுபோல் காற்றைப் பிடித்தாய். நான் முக்காலியை விரித்தேன். நீ பாறையில் உட்கார்ந்தாய், அப்பா உட்கார்ந்த அதே பாறை. லெவலுக்குள் மட்டம் காட்டும் குமிழி சீக்கிரமே நடுவுக்கு வந்துவிட்டது. என் கை பழகிய கை. உன் தோள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஆகவே திருகைத் திருப்பிக் குமிழியைக் கலைத்தேன். மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தேன். மறுபடி கலைத்தேன். நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எண் எழுதினேன். இரண்டாவது வளைவிலும் அப்படியே. மூன்றாவது வளைவில் நான் கண்ணை வைத்துக் குனிந்திருக்கும்போது பின்னாலிருந்து உன் குரல் வந்தது.

"ஏலே ஓவர்சியரு. எதுக்க ஸ்டாஃப் புடிக்க ஆளே இல்லையே. எதப் பாத்து ரீடிங் எடுக்க?"

ஸ்டாஃப் என்கிற அளவுகோலைத் தூரத்தில் ஒருவன் நிறுத்திப் பிடிக்காமல் லெவலில் ஒன்றும் படிக்க முடியாது. அது கணக்கில் தோற்றவனுக்கும் தெரியும். எனக்குப் பொய் வராது. வந்ததைச் சொன்னேன்.

"கோபுரத்த."

"மொட்டையாவே இருக்கா, மொளைச்சிருக்கா?"

"மொட்டையாத்தான் இருக்கு."

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை எடுக்காமல் குனிந்தே நின்றேன். அப்புறம் சொன்னாய்: "சரி, நல்லாப் பாரு. அவசரப்படாத."

காடு தொடங்கும் இடத்தில் மேலே பார்த்தாய். நீயாகத்தான் சொன்னாய், "இதுக்கு மேல மரம் மூடிரும்லே" என்று. இறங்கினோம். நீ முன்னால் நடந்தாய்.

பெயின்டர் வந்துவிட்டார். மழை விட்டுவிட்டது. தாளில் எழுதியதைக் கொடுத்தேன். எண்ணெய்க் காலோடு ஏறாதீர் என்ற வரி அப்படியே இருக்கிறது. பர்லாங்கு இருக்கிறது, நிமிடம் இல்லை. 'இளைப்பாறும் இடம்' இல்லை. அதற்குப் பதிலாக அந்த மூன்று வளைவுகளிலும் நடுவதற்கு மூன்று சின்னப் பலகைகள், ஒவ்வொன்றிலும் இரண்டே சொல். அவர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"'நின்று பார்க்கவும்'னு போட்டிருக்கு சார். என்னத்தப் பாக்கணும்னு போடலியே. அந்தத் திருப்பத்துல ஒரு பாறை, ஒரு மரம். வேற என்ன இருக்கு?"

"அது வேண்டாம். எழுதினது மட்டும் போதும்."

"வாரவன் கேப்பான் சார்."

"கேக்கமாட்டான்" என்றேன்.