மூன்று ஞாயிறுகளாக அவள் பேசாதது

அன்புள்ள மகளுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இதை எழுதுகிறேன். நான், உன் அம்மா, உன் வாண்டு மூவரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் இரண்டாவது நிமிடமே நம்மில் ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். ஆறு மாதத்தில் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மூன்றரை வயதுக் குழந்தையை எங்களிடம் விட்டுப் போனாய், ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அந்த வருத்தம் எனக்குப் போகவில்லை, போனதாக நடிக்கவும் மாட்டேன். இப்போது சொல்ல வந்தது வேறு.

ச வரும் இடத்திலெல்லாம் உன் மகளின் நாக்கு நுனி பல்லுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது என்று பேச்சுப் பயிற்சிக்குச் சேர்க்கச் சொன்னவள் நீதான். வாரம் ஒருநாள் கூட்டிப்போகிறேன், என்னையும் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். பயிற்சியாளர் கண்ணாடியை முன்னால் வைத்து, பல்லைச் சேர்த்துக்கொண்டு, டயரில் காற்று இறங்குவதுபோல ஸ்ஸ்ஸ் என்று விடச் சொல்கிறார். வீட்டில் தினம் ஐந்து நிமிடம் போதும், தப்பாச் சொன்னா திருத்தாதீங்க சார், அதே வார்த்தைய நீங்க சரியாச் சொல்லிட்டுப் போயிட்டே இருங்க என்றார். திருத்தாமல் எப்படித் திருந்தும்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஐந்து நிமிடத்தில் நடப்பது ஒரு மணி நேரத்தில் இன்னும் நன்றாக நடக்கும் என்று, மாலையில் குளியலறைக் கண்ணாடி முன் ஸ்டூலில் ஏற்றி நிறுத்திச் சொல்ல வைத்தேன். ஏங்க, அது என்ன குழந்தையா, கோர்ட்டுல நிக்கிற சாட்சியா என்று உன் அம்மா கேட்டாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சின்ன வயதில் எனக்கும் இதே நாக்குதான். விருந்தாளி வந்தால் என் அண்ணன், டேய், ஒருதரம் சொல்லிக்காட்டுடா என்று என்னைப் பேசவைத்துக் கூடத்தையே சிரிக்க வைப்பான். ஐம்பத்து மூன்று வயதிலும் அவனை நான் மன்னிக்கவில்லை. அந்த நிலை இவளுக்கு வரக்கூடாது என்றுதான் செய்தேன், அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

மூன்று ஞாயிறாக நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவளுக்கு என்னை மறந்துபோச்சு, இனிமே நான் கூப்பிடல என்று நீ அம்மாவிடம் அழுதாயாம். உன்மேல் அவளுக்குக் கோபம் என்றுதான் நானும் நம்பினேன், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. வியாழக்கிழமை பயிற்சியாளர், அம்மாகிட்ட என்னல்லாம் பேசின என்று கேட்டதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கைக்குள்ளிருந்தே, சரியா பேச வந்தப்புறந்தான் அம்மாகிட்ட பேசணும்னு தாத்தா சொன்னாரு என்றாள். பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். சொன்னேனா? ஏதோ எரிச்சலில் சொல்லியிருப்பேன், நான் மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, இப்பவே பேசலாம்டா கண்ணு என்றேன், இன்னும் வரலையே தாத்தா என்கிறாள். சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

இது கிடைத்ததும் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கட்டாயம் கூப்பிடு. அம்மா ஸ்பீக்கரில் போட்டு பீரோ பக்கத்தில் வைப்பாள். குழந்தை பதில் சொல்லாவிட்டாலும் நீ பேசிக்கொண்டே இரு, எப்படிப் பேசினாலும் கேட்க ஆசை என்று சொல், தப்பாகச் சொன்னால் திருத்தாதே. நான் அந்த நேரம் வெளியே போய்விடுவேன். உடம்பைப் பார்த்துக்கொள், நீ நல்லபடியாக இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. வழக்கம்போல ‘உன் நலம் நாடும் அப்பா’ என்று எழுதப் பேனாவை வைத்தேன், கை ஓடவில்லை. நலம் நாடித்தான் இதையெல்லாம் செய்தேனா என்று நீயே சொல். கையெழுத்துப் போடாமல் இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.