பன்னிரண்டாம் கட்டில்

மார்ச் 3, திங்கள்

அம்மா படியில் விழுந்து இன்றோடு ஆறு நாள். இடுப்பில் ஆபரேஷன் முடிந்து நான்கு நாள். வார்டில் பதினோராம் கட்டில். துணைக்கு நான்தான். அப்பாவுக்கு வேலை, சித்திக்குக் கைக்குழந்தை. "ஒம்பதாவதோட நின்னுட்டு வீட்ல சும்மாதானே இருக்கா, அவ இருக்கட்டும்" என்றாள் சித்தி.

வாயைத் திறக்க வேண்டாத வேலை என்று நினைத்து வந்தேன். இங்கே ஆளாளுக்குக் கேள்வி கேட்கிறார்கள். சாப்பிட்டாங்களா? தூங்கினாங்களா? நான் தலையை ஆட்டுகிறேன்.

காலையில் வரும் நர்சுக்கு கீச்சு சிஸ்டர் என்று மனசுக்குள் பேர் வைத்திருக்கிறேன். செருப்பு அப்படிக் கத்தும்.

மார்ச் 4

ஒவ்வொரு மாத்திரைக்கும் கீச்சு சிஸ்டர் அம்மாவிடம் பேர் கேட்கிறார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கேட்டிருந்தாலும் கேட்கிறார். அம்மா பேரைச் சொல்லிவிட்டு, மணிக்கட்டில் கட்டியிருக்கும் அட்டையை நீட்ட வேண்டும்.

"ராத்திரியோட ராத்திரியா பேரை மாத்திக்கிட்டேனான்னு பாக்கிறீங்களா சிஸ்டர்?"

"மாத்தினா முதல்ல எங்கிட்ட சொல்லுங்க. பழைய பேரை நான் வச்சுக்கிறேன், எனக்கு என் பேரே பிடிக்கல."

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவிலும் அவர் கண் அட்டையின் மேல்தான் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

மார்ச் 5

எதிர்க் கட்டிலில் ஒரு அம்மாள் ஒன்பது நாளாகக் கண் திறக்கவில்லை. அவரிடம் கீச்சு சிஸ்டர் பேசுகிறார்! "இப்ப இடது பக்கமா திருப்பப் போறேன். கை சில்லுனு இருக்கும், கோவிச்சுக்காதீங்க." இரண்டு மணிக்கொரு தடவை திருப்புகிறார். ஒரே பக்கமாகப் படுத்தால் புண் வந்துவிடுமாம். திருப்பியதும் குதிகாலையும் முதுகையும் பார்க்கிறார். கட்டில் கம்பியை ஏற்றி, ஒரு முறை ஆட்டிப் பார்க்கிறார். பிறகு கை கழுவுகிறார். அடுத்த கட்டிலுக்கு முன்னாலும் கழுவுகிறார். விரல் இடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருக்கிறது.

யாரும் பார்க்காதபோதும் இப்படித்தானா? நான் பார்க்காத மாதிரி இருந்து பார்த்தேன். இப்படித்தான்.

மார்ச் 6

அம்மாவுக்கு டிரிப்ஸ் ஏறிய கை வீங்கிவிட்டது. அட்டையைக் கத்தரித்து எடுத்தார்கள். புதுசு நாளைக்கு வருமாம்.

மார்ச் 7

பக்கத்துப் பன்னிரண்டாம் கட்டில் ஜன்னலோரம். அதில் இருக்கும் அம்மாளை எல்லாரும் அத்தை என்கிறார்கள். அவருக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். ஜன்னல் காற்றில் இருமல் வருகிறது என்றார். அம்மாவுக்கோ காற்று வேண்டும். சாயங்காலம் ஆயாவைக் கூப்பிட்டு இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். கட்டிலுக்குச் சக்கரம் இருக்கிறது, அப்படியே தள்ளியாயிற்று. எண் மட்டும் சுவரில் எழுதியது, அது நகராது. அம்மா இப்போது பன்னிரண்டுக்குக் கீழே.

சிஸ்டர் யாரிடமாவது சொல்ல வேண்டாமா? ஆயா சொல்வாள் என்று இருந்துவிட்டேன்.

மார்ச் 8

எழுதியே ஆகணும்.

காலையில் இரண்டு நர்சுகள் வரவில்லை. கீச்சு சிஸ்டர் ஒருத்தரே ஓடிக்கொண்டிருந்தார். ஜன்னல் வெயில் முகத்தில் அடிக்கிறது என்று அம்மா தலைவரை போர்த்திக்கொண்டு தூங்கினாள். கை மட்டும் வெளியே, புது அட்டை இன்னும் வராத கை. நான் வெந்நீர் பிடித்துக்கொண்டு வருகிறேன் — சிஸ்டர் குனிந்து அந்தக் கையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் அத்தைக்குப் போடும், சர்க்கரையைக் குறைக்கும் ஊசி. பேர் கேட்கவில்லை. சுவரில் பன்னிரண்டு என்று பார்த்தார், போட்டார், ஓடினார்.

நான் பார்த்தேன். பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் வரல. ஏன்டி வரல? உன் அம்மாடி!

எவ்வளவு நேரம் நின்றேன் தெரியவில்லை. பிறகு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "ஊசி... அத்தைக்கு இல்ல. எங்கம்மாவுக்கு."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆனால் கால் நிற்கவில்லை. போர்வையை விலக்கினால் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது, உதடு நடுங்குகிறது. விரலில் குத்தி ரத்தம் பார்த்தார், டாக்டரைக் கூப்பிட்டார், குளூக்கோஸ் ஏற்றினார்கள். கால் மணிக்கொரு தடவை விரலில் குத்திக்கொண்டு மத்தியானம் வரை பக்கத்திலேயே இருந்தார். அம்மா தெளிந்து, "எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

டாக்டர் சொல்வார், இல்லை யாரும் சொல்லமாட்டார்கள் என்று நினைத்தேன். கீச்சு சிஸ்டரே சொன்னார். "உங்களுக்குப் போடக்கூடாத ஊசிய நான் போட்டுட்டேம்மா. பேர் கேக்காம போட்டேன். தப்பு என்னோடதுதான்." பிறகு ஒரு தாளில் எழுதினார். நீளமாக.

மார்ச் 9

சித்தி வந்து குதித்தாள். "கொல்லப் பாத்திருக்கா, சும்மா விடறதா?"

தலைமை நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். சித்தி என் காதில், "அந்த சிஸ்டர் எதையும் கவனிக்கிறதே இல்லன்னு சொல்லு" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கச் சொன்னால் கண் இருட்டும். அந்த இருட்டு இங்கேயும் வந்தது. ஆனாலும் சொன்னேன். "கட்டிலை மாத்தினது எனக்குத் தெரியும். சொல்லல. ஊசி போடறதப் பாத்தேன். அப்பவும் உடனே சொல்லல. அவங்க தினமும் பேர் கேப்பாங்க. எல்லாரையும் கேப்பாங்க. நேத்து ஒரு நாள்தான் கேக்கல."

தலைமை நர்ஸ் எழுதிக்கொண்டார். "பேர் கேக்கலன்னு அவளும் எழுதியிருக்கா. நேத்து ஒரு நாள்தாங்கறத மட்டும் எழுதல."

வெளியே சித்தி, "இவ்ளோ பேச்சு இவளுக்கு எங்கேந்து வந்துச்சு!" என்றாள்.

மார்ச் 10

அம்மாவுக்குப் புது அட்டை. கட்டில்கள் பழைய இடத்தில். செருப்புச் சத்தம் இல்லை.

மார்ச் 13

கீச்சு சிஸ்டருக்கு வேலை போகவில்லையாம். ஆயா சொன்னாள். ஒரு மாதம் வேறு வார்டு. அப்புறம் இங்கேதான்.

மார்ச் 14

இன்று புது நர்ஸ். சின்னப் பெண், என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். தட்டோடு வந்து மாத்திரையைப் பிரித்து அம்மா கையில் வைத்தார்.

நான் எழுந்தேன்.

"சிஸ்டர், அம்மா பேர் கேக்கலியே."

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நர்சுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கும்தான். அம்மா சிரிக்கவில்லை. முழுப் பேரையும் சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

நர்ஸ் குனிந்து அட்டையைப் படித்தார். கடைசி எழுத்துவரை அவர் படித்து முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.