மாற்றிச் சொன்ன முடிவு

வியாழன், பெப்ரவரி 12

புலம்புவதற்காக இந்தக் கொப்பியைத் திறப்பதில்லை என்றிருந்தேன். மன்னிக்க வேண்டும், இன்று வேறு வழியில்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நான் வாசித்த புத்தகங்களை அவர் சமைக்கும்போது சொல்லுவேன். சென்ற மாதம் ஒரு பியானோக் கலைஞனின் வாழ்க்கை வரலாறு. "குடிச்சே அழிஞ்சவன்ரை கதை எனக்கேன்?" என்று பாதியில் நிறுத்திவிட்டார். அடுத்துச் சொன்ன நாவல் பிடித்துவிட்டது. காரும் மின்சாரமும் வேண்டாமென்று வாழும் ஆமிஷ் மக்களிடமிருந்து ஒரு பெண் படிக்கப் போகிறாள். கடைசியில் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள் என்று முடித்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு நிற்காமல், தானே வாசித்ததுபோல மேல்வீட்டு மலர் அன்ரிக்கும் அதைச் சிபாரிசு செய்திருக்கிறார். அன்ரி எங்கள் பகுதி வில்லரே நூலகத்தில் எடுத்து வாசித்துவிட்டு இன்று பின்னேரம் வந்தார்.

"என்னக்கா, அந்தப் பெட்டை கடைசிவரை திரும்பி வரேல்லையே! நீங்கள் எந்தப் புத்தகத்தை வாசிச்சனீங்கள்?"

அம்மா சிரித்துச் சமாளித்தார். அன்ரி போனதும் என்னிடம் திரும்பினார்.

"ஏன் பிள்ளை மாத்திச் சொன்னனீ?"

"நீங்கள் கவலைப்படுவியள் எண்டு."

"கதைக்கு ஆர் கவலைப்படுறது? வேறை என்னத்தை மாத்திச் சொன்னனீ?"

"ஒண்டுமில்லை" என்றேன். அவர் வெங்காயம் அரியப் போனார்.

எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். நாட்டின் மறுகோடியில், வன்கூவரில் வேலை கிடைத்த கடிதம் பத்து நாட்களாக என் பையில் கிடக்கிறது. நாளை அந்த நாவலின் உண்மையான முடிவை அம்மாவுக்குச் சொல்வேன். அதன்பின் கேட்க ஒன்றுதான் இருக்கிறது.

அம்மா, என்னைப் போக விடுங்கோ.