பிரேரணையில் விடுபட்டுப்போன நிக்கலஸ்

அனுப்புநர்:
திருமதி புளோறன்ஸ் இராஜநாயகம்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பெறுநர்:
செயலாளர் நாயகம் அவர்கள்,
பன்னாட்டுப் பொதுப் பாராளுமன்றம்.

ஊடாக: சட்டத்தரணி ஹாஷிம், புதுக்கடை (மொழிபெயர்த்து அனுப்புவதற்காக).

பொருள்: என் மகனின் பெயரைத் தங்கள் சபையின் பிரேரணையில் திரும்பவும் சேர்த்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகன் நிக்கலஸ் துறைமுகத்தில் எழுதுவினைஞர். மன்னாரிலிருந்து வந்த தன் சித்தியைக் கூட்டிவர வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜுக்குப் போனவனைப் பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்தார்கள். வயதான சித்தியை விட்டுவிட்டார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யுத்தம் நடக்கும் மன்னார் என்றிருந்த குற்றத்துக்காக அவனைத் தடுப்பு முகாமில் வைத்திருக்கிறார்கள். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை.

2. தங்கள் சபை இருக்கும் நகரில் வசிக்கும் என் தங்கை மகள் றோஸி, உறுப்பினர் ஒருவரை விடாமல் பிடித்து, "நிக்கலஸை விடுதலை செய்ய வேண்டும்" என்று பிரேரணை எழுதுவித்தாள். அதைக் கேட்டு எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் தொதல் இனிப்புக் கிண்டிக் கொடுத்தேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

3. தங்கள் உறுப்பினர்கள் நாடுவாரியாக அமராமல், கொள்கைவாரியாகக் கூட்டுச் சேர்ந்து அமர்வார்களாம். நல்ல ஏற்பாடு. ஒரு கூட்டின் வாக்கு போதாதென்று மற்றக் கூட்டுகளின் கையெழுத்தையும் தேடினார்களாம். கையெழுத்து வைக்கும் ஒவ்வொரு தரப்பும் எதையாவது வெட்டச் சொல்வது அங்கே வழக்கமென்று றோஸி சொன்னாள். விவசாயிகள் தரப்பு "வேண்டும்" என்பதை "விரும்புகிறோம்" ஆக்கியது. வியாபாரத் தரப்பு, "விடுதலை" என்ற சொல் தேயிலை இறக்குமதிக்கு ஆகாது என்றது. நடுவில் இருப்பவர்கள், ஒருவர் பெயரைப் போட்டால் மற்றவர் மனம் நோகும் என்று நிக்கலஸையே எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது: "அத்தீவில் அனைவரும் நலமாயிருக்க விரும்புகிறோம்." முழுச் சபையும் ஏகமனதாக நிறைவேற்றியதாம். எதிர்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது, ஐயா? என் மகனைப் பிடித்து வைத்திருப்பவர்களும் சந்தோஷமாகக் கையெழுத்து வைப்பார்களே.

4. கூட்டுச் சேர்வதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் கோவில் பெருநாள் குழுவிலும் தமிழர், சிங்களவர், பறங்கியர் இருக்கிறோம். செபமாலையை எந்த மொழியில் தொடங்குவது, எந்தத் தெருவால் போவது என்று வருடாவருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம். பிறகு ஆளுக்கொன்றை விட்டுக்கொடுத்து ஊர்வலம் புறப்படும். ஆனால் எல்லோரையும் திருப்திப்படுத்துவதற்காக மாதாவின் சுரூபத்தைக் கோவிலிலேயே விட்டுவிட்டு நாங்கள் ஊர்வலம் போனதில்லை.

5. பார்க்கப் போகும்போதெல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "அம்மா, அங்க என்ர பேரை வாசிச்சவையோ?" என்று கேட்கிறான். ஆள் நன்றாக மெலிந்துவிட்டான். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. வெளிநாட்டில் பெயர் அச்சான ஒருவரை இங்கே ஓசைப்படாமல் இல்லாமலாக்குவது கடினம் என்று சட்டத்தரணி ஹாஷிம் சொல்கிறார்.

6. ஆகவே, அடுத்த அமர்வில் நிக்கலஸ் இராஜநாயகம் என்ற முழுப் பெயரையும் சேர்த்துப் பிரேரணையை மறுபடி வாக்கெடுப்புக்கு விடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அப்படிச் செய்தால் கூட்டு உடைந்து பிரேரணை தோற்றுவிடும் என்று தாங்கள் கருதலாம். தோற்கட்டும். என் மகனின் பெயரோடு தோற்ற அந்தத் தாளை எனக்கு அனுப்பிவையுங்கள். முகாம் வாசலில் காட்ட அது போதும்.

தங்கள் மறுமொழியை எதிர்பார்த்திருக்கும்,
புளோறன்ஸ் இராஜநாயகம்
(ஒப்பம்)

இடம்: கொட்டாஞ்சேனை
திகதி: 11.03.1997